பதாங் துறைநகரில் வீடும் உரிமையும்

மேலைச் சுமத்திராவின் தலைநகராகிய பதாங் நகருக்கு யாம் செல்ல நேர்ந்தது தற்செயலே. கோலாலம்பூரில் நிகழ்ந்த இலக்கியக் கருத்தரங்கு ஒன்று முடிந்து, ஊர் திரும்ப ஐந்து நாள்கள் எஞ்சியிருந்தன. பதாங்கில் ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் முதற்பிறையன்று நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் நினைவாகப் பள்ளிவாசலின் மேல்தளத்திலிருந்து சர்க்கரை எறிகிறார்கள் என்று முன்னரே படித்திருந்தோம். அந்த நாளும் அவ்வைந்து நாள்களுக்குள் வந்து வாய்த்தது. விமானத்தில் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மிகுந்த பயணம். எம் கைப்பையில் கருத்தரங்கக் கட்டுரையோடு, கையொப்பம் இடப்படாத விடுதலைப் பத்திரம் ஒன்றும் இருந்தது. ஊரில் இட மனம் வராமல், போகுமிடமெல்லாம் அதைச் சுமந்துகொண்டிருந்தோம். அதனைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

நகரின் பழைய பகுதி, ஆராவ் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது. அவ்விடத்தை 'முவாரோ' என்பர். முகத்துவாரம் என்பது அதன் பொருள். டச்சுக் கும்பினியார் பதினேழாம் நூற்றாண்டில் இங்கே பண்டகசாலை கட்டினர். 1669ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 7ஆம் நாள் சுற்றுவட்டார மக்கள் திரண்டு வந்து அப்பண்டகசாலையைத் தாக்கினர். அந்த நாளையே நகரின் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடுகின்றனர். கோட்டை எழுப்பிய நாளைக் கொண்டாடும் நகரங்களை அறிந்த எமக்கு, கோட்டையைத் தாக்கிய நாளைக் கொண்டாடும் நகரம் புதுமையாகவே தோன்றிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர் தெற்கே, இன்று தெலுக் பாயூர் எனப்படும் இடத்தில், ஆழ்கடல் துறைமுகம் அமைத்துச் சாவாலுந்தோ நிலக்கரியை இருப்புப்பாதை வழியே கொண்டுவந்து கப்பலேற்றத் தொடங்கினர். அதன்பின் ஆற்றங்கரைத் துறையின் பெருமை குன்றிற்று. இன்று அங்கே மீன்பிடி படகுகளும் மெந்தாவாய்த் தீவுகளுக்குச் செல்லும் படகுகளும் நிற்கின்றன.

துறை தேய்ந்தாலும் தெரு தேயவில்லை. ஆற்றை ஒட்டிய பாசார் காடாங், பாசார் பாத்திப்பு ஆகிய தெருக்களில் கீழே கடையும் மேலே குடியிருப்புமாக அமைந்த பழைய கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. கறுவாப்பட்டை மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கி ஒன்றைக் கடந்தபோது எழுந்த மணம், நெய்ச்சோறு வேகும் வீட்டு வாயிலை நினைவூட்டியது. இம்மாநிலத்தில் விளையும் 'காம்பிர்' என்னும் துவர்ப்புப் பொருளின் பெரும்பகுதி வெற்றிலைப் பாக்கோடு சேர்ப்பதற்காக இந்தியாவுக்கே ஏற்றுமதியாகிறது. நம் நாட்டுப் பெரியவர்களின் வாய் சிவப்பதில் சுமத்திராவின் பங்கும் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தோம்.

பாசார் பாத்திப்புப் பகுதியைக் 'காம்போங் கெலிங்' என்றும் வழங்குவர். கெலிங் என்பது தென்னிந்தியரைக் குறித்த சொல். இக்காலத்தில் அதனை இழிசொல்லாகக் கருதுவோரும் உளர். மேதான் நகரில் இதே பெயர் கொண்டிருந்த பகுதி இப்போது காம்போங் மதராஸ் என மாறியிருக்கிறது. இங்கே வணிகத்தின் பொருட்டு வந்த இந்திய முஸ்லிம்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பியதே முஹம்மதன் பள்ளிவாசல். அவர்தம் வழித்தோன்றல்களை அப்பள்ளியில் கண்டோம். முகத்தைப் பார்த்தால் நாகப்பட்டினம் கடைத்தெருவில் கண்ட முகம். வாயைத் திறந்தால் மினாங்கபாவ் மொழி. யாம் சந்தித்தவருள் தமிழ் பேசியவர் எவருமிலர். தமிழ் விரிவுரையாளராகிய எமக்கு இது சிறிது வருத்தமே. ஆயினும் ஸலாம் சொன்னவுடன் கையைப் பற்றிக்கொண்டு அமரவைத்தார்கள்.

இவர்தம் முன்னோர் இங்கே நிலம் வாங்குவது எளிதாக இருந்ததில்லை. 1875ஆம் ஆண்டு டச்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. நாட்டு மக்கள் தம் நிலத்தை அயலாருக்கு விற்றல் ஆகாது என்பது அது. நாட்டு மக்களின் நிலத்தைக் காக்கும் நோக்கம் அதற்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அன்றைய சட்டக் கணக்கில் சீனரும் அரபியரும் இந்தியரும் 'கீழை அயலார்' என்னும் தனி வகுப்பினர். எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் வகுப்பு மாறாது. அத்தகையவர் மினாங்கபாவ் பெண்ணை மணந்தால் அவள் வீட்டில் குடியேறலாம். அவள் குடும்பத்து நிலத்தில் நடக்கலாம். அந்நிலம் அவர் பெயருக்கு வாராது. வேடிக்கை யாதெனில், அப்பெண்ணை ஒரு மினாங்கபாவ் ஆடவன் மணந்திருந்தாலும் அந்நிலம் அவன் பெயருக்கு வந்திராது. டச்சுச் சட்டம் அயலானுக்கு இட்ட தடையை அவ்வூர் மரபு கணவன்மார் அனைவர்க்கும் முன்னமே இட்டிருந்தது.

மினாங்கபாவ் மக்கள் உறுதியான முஸ்லிம்கள். அதே வேளையில் தாய்வழிச் சமூகத்தினர். பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். மூதாதையர் வழிவந்த நிலமும் வீடும் 'புசாக்கா திங்கி' எனப்படும். உயர்ந்த முதுசொத்து என்று கூறலாம். அதனை விற்கலாகாது, பங்கிடலாகாது. அது தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். அதனை மேற்பார்க்கும் பொறுப்பு தாய்மாமனுக்கு உரியது. அவரை 'மாமாக்' என்று அழைக்கிறார்கள். முதன்முறை அச்சொல்லைக் கேட்டபோது எம் செவி ஏமாந்து, தமிழ்தான் என்று மகிழ்ந்தது. கணவன் அவ்வீட்டில் மதிப்பிற்குரிய விருந்தாளி. பழங்காலத்தில் வளர்ந்த ஆண்பிள்ளைகளுக்குத் தாய் வீட்டில் படுக்கையும் இல்லை; ஊர்த் தொழுகைக் கூடமாகிய 'சூராவ்'வில் உறங்குவர். பின்னர்ப் பொருள் தேடி வெளியூர் புறப்படுவர்.

முதற்பிறை நாள் அஸர் தொழுகைக்குப் பின்னர்த் தெரு நிறைந்துவிட்டது. வண்ணத் துணித்துண்டுகளில் சிறு சிறு முடிச்சுகளாகக் கட்டிய சர்க்கரை மூட்டை மூட்டையாய்ப் பள்ளியின் மேல்தளத்திற்கு ஏறிற்று. நேர்ச்சை வைத்தோர் கொடுத்த சர்க்கரை அது. துஆ ஓதி முடிந்ததும் மேலிருந்தோர் இருகைகளாலும் வாரி இறைத்தனர். கீழே குடையைக் கவிழ்த்துப் பிடித்தோரும், தலைத்துணியை விரித்தோரும், தந்தையின் தோள்மேல் நின்ற சிறுவரும் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு சிரித்தனர். நாகூரில் கொடியேறும் அதே நாளில் கடலுக்கு அப்பால் இப்படி ஒரு மழை. இதன் மார்க்கத் தகுதி பற்றி இரு கருத்து உண்டென்பதை அறிவோம். அதனை ஈண்டு ஆராயப் புகவில்லை. எம் தலைமீதும் ஒரு பச்சை முடிச்சு விழுந்தது. அதை எடுத்துப் பைக்குள் வைத்தபோது விரலில் அந்தப் பத்திரம் தட்டுப்பட்டது.

அக்கூட்டத்தில் எமக்கு ஒதுங்க இடம் கொடுத்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். தந்தைவழியில் இந்திய வணிகர் குடும்பம், தாய்வழியில் மினாங்கபாவ். ஆங்கிலம் நன்கு பேசினார். அவரை எல்லாரும் 'உனி' என்று அழைத்தனர். அக்காள் என்று பொருள். யாமும் அவ்வாறே அழைத்தோம். அவர் எம்மைப் 'பாக்' என்று மரியாதையாக விளித்தார். மறுநாள் காலை தம் கடை வீட்டிற்கு வரச்சொன்னார்.

கடையின் முன்சுவர் புதியது; பின்சுவர் பழையது. அதன் கதையைக் கேட்டோம். 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மாலை ஐந்தேகால் மணி அளவில் 7.6 அளவுள்ள நிலநடுக்கம் அம்மாநிலத்தைக் குலுக்கியது. ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பழைய பகுதியில் கட்டடங்கள் சரிந்தன. உனியின் கடையில் மேல்மாடியின் முகப்பு அப்படியே தெருவில் விழுந்தது. அவர் அப்போது பள்ளியிலிருந்து திரும்பி உட்புறத்தில் தேநீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாராம். 'அடுப்பை அணைத்தேனா என்பது இன்றுவரை நினைவில்லை, பாக்' என்றார்.

அதே மாலையில் நகரின் கிழக்கே, வயல் நடுவே இருந்த அவர் தாய் வீட்டின் கூரையும் பிளந்தது. இரண்டையும் கட்டியாக வேண்டும்; கையில் பணமில்லை. குடும்பத்திற்கு முதுசொத்தாக நெல்வயல் இருந்தது. அதனை விற்க இயலாது, ஒற்றி வைக்கலாம். அதற்கும் மரபில் நான்கே காரணங்கள் உண்டு. வீட்டில் இறந்தவர் உடல் அடக்கத்திற்குக் காத்திருந்தால். வயது வந்த பெண் மணமாகாதிருந்தால். குடும்பத்தின் பெருவீடு ஒழுகினால். வீழ்ந்து கிடக்கும் குலத்தலைமைப் பட்டத்தை மீண்டும் எடுப்பிக்க வேண்டின். இவை தவிர ஐந்தாவது காரணம் இல்லை. வணிகம் நொடித்தது, கடன் மிகுந்தது என்பனவெல்லாம் காரணம் ஆகா.

குடும்பத்துப் பெரியவர்கள் கூடினர். தாய் வீட்டின் கூரை பிளந்தது 'பெருவீடு ஒழுகுதல்' என்பதில் அடங்கும்; ஆகவே அதற்காக ஒற்றி வைக்கலாம் என்றனர். கடை அதில் அடங்காது என்றனர். ஏனெனில் கடை தந்தையார் உழைத்துத் தேடிய பொருள், முதுசொத்து அன்று. ஜகார்த்தாவிலிருந்து உனியின் தமையனார் வந்து, ஒற்றிப் பத்திரத்தில் மேற்பார்வையாளராகக் கையொப்பமிட்டார். அந்த வயலில் ஒரு சாண் கூட அவருக்கோ அவர் மக்களுக்கோ வாராது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒற்றித்தொகை ரூப்பியாவில் எழுதப்படவில்லை. பொன்னின் எடையில் எழுதப்பட்டது. இரண்டரை கிராம் கொண்டது அவர்களுக்கு ஒரு பொன். பணத்தின் மதிப்பு வீழ்ந்தாலும் எடை வீழாதல்லவா.

கடைக்குக் கணக்கு வேறு. தந்தை தேடிய பொருளாதலின் அது ஃபராயிள் சட்டப்படி பங்கிடப்பட்டது. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. தமையனார் தம் பங்கை விற்றுவிட விரும்பினார். கடலோரத்து இடத்திற்கு அப்போது மதிப்பில்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை ஆச்சே மாநிலத்தை அழித்ததைக் கண்டிருந்த மக்கள், 2009க்குப் பின்னர் வசதி உள்ளவரை உள்நாட்டுப் புறமாகக் குடி பெயர்ந்தனர். உனி தமையனாரின் பங்கைத் தவணை முறையில் வாங்கிக்கொண்டார். ஆக, ஒரே குடும்பத்தில், ஒரே உடன்பிறந்தார்க்கிடையே, வயலுக்கு ஒரு நீதி. கடைக்கு ஒரு நீதி. எமக்கு இது முதலில் குழப்பமாகவும் பின்னர் வியப்பாகவும் இருந்தது.

இக்கணக்கு தானாக அமைந்தது அன்று. ஒரு நூற்றாண்டுப் பூசலின் விளைவு. மினாங்கபாவ் மண்ணில் 1860இல் பிறந்து மக்கமாநகர் சென்று, ஹரம் ஷரீபில் ஷாபிஈ மத்ஹபின் இமாமாகவும் ஆசிரியராகவும் விளங்கியவர் ஷைகு அஹ்மது கதீப். அவர் தம் ஊரின் வாரிசு முறையை மிகக் கடுமையாகச் சாடினார். மரபின் பெயரால் பிள்ளைகளின் உரிமையை மருமக்கள் உண்பது ஹராம் என்று எழுதினார். 1916இல் மக்காவிலேயே மறைந்தார். அவரிடம் பயின்றவருள் ஒருவர் ஹாஜி ரசூல் என்று புகழ்பெற்ற அப்துல் கரீம் அம்ருல்லாஹ். எழுத்தாளர் ஹம்காவின் தந்தையார். சீர்திருத்தத்தில் ஆசிரியருக்குச் சளைத்தவர் அல்லர். எனினும் முதுசொத்து விஷயத்தில் மட்டும் வேறுபட்டார். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் விற்கவும் வழங்கவும் வாரிசுக்குச் செல்லவும் இயலாதவாறு வக்ஃபு செய்தார்களே, அதைப் போன்றதே இம்முதுசொத்தும். தனி ஒருவர் உடைமையாக இல்லாத பொருளில் ஃபராயிள் எவ்வாறு நுழையும் என்பது அவர் வாதம். ஆசிரியர் ஒன்று சொல்ல, மாணவர் மற்றொன்று சொல்ல, இருவரும் ஒரே மத்ஹபில் ஊறியவர்கள். 1952இல் புக்கித்திங்கி நகரில் ஆலிம்களும் குலத்தலைவர்களும் கற்றோரும் ஒன்றுகூடி, முதுசொத்து மரபுப்படியும், தேடிய சொத்து ஃபராயிள்படியும் செல்லும் என முடிவு செய்தனர். 1968இல் பதாங்கில் கூடிய கருத்தரங்கு இதனை மீண்டும் உறுதி செய்தது.

மாலையில் உனி எம்மை நகரின் பெரிய பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்றார். தூண்களின் இடையூறு இன்றி விரிந்த அதன் கூரை நான்கு முனைகளிலும் உயர்ந்து நிற்கிறது. ஹஜ்ருல் அஸ்வத் கல்லை நான்கு குலத்தார் துணியின் நான்கு முனையைப் பிடித்துத் தூக்கிய நிகழ்ச்சியை அது உணர்த்துகிறது என்பர். மினாங்கபாவ் பெருவீட்டின் கொம்புக் கூரையையும் அது நினைவூட்டுகிறது. பேரலை வந்தால் மக்கள் ஏறி நிற்பதற்கும் ஏற்றவாறு கட்டியிருக்கிறார்கள். 2024இல் இப்பள்ளிக்கு ஷைகு அஹ்மது கதீப் அவர்களின் பெயரைச் சூட்டினர். தாய்வழி வாரிசு முறையைச் சாடியவரின் பெயர், தாய்வழிப் பெருவீட்டின் சாயல் கொண்ட கூரைக்கு! இதில் முரண் காண்பதா, பெருந்தன்மை காண்பதா என்று உனியைக் கேட்டோம். 'மழை பெய்தால் எல்லாரும் உள்ளேதானே வருகிறோம், பாக்' என்று சொல்லிவிட்டு, 'உங்கள் ஊரில் வீடு யாருக்கு?' என்று கேட்டார்.

விடை சொல்ல எமக்குச் சிறிது நேரம் பிடித்தது. எம் ஊர் காயல்பட்டினம். அங்கே வீடு பெண்ணுக்கு. மணமகன் மனைவி வீட்டுக்கு வருவான். பெண்கள் தெருவில் இறங்காமலே வீடு விட்டு வீடு செல்ல முடுக்குகள் உண்டு. அவ்வழியே நடந்தால் ஒரு தாயின் மக்களுடைய வீடுகள் அடுத்தடுத்து இருக்கக் காணலாம். ஆனால் எம் ஊரில் அது குலத்தின் பொதுச்சொத்து அன்று. பெற்றோர் வாழுங்காலத்திலேயே மகளுக்கு ஹிபாவாகக் கொடுத்துவிடுவது. எம் உம்மாவின் உம்மா அவ்வாறு உம்மாவுக்குக் கொடுத்தார். உம்மா, ராத்தாவின் நிக்காஹ் அன்று, உறவினர் முன்னிலையில், 'இந்த வீடு உனக்கு' என்று வாயால் சொன்னார், எழுதி வைக்கவில்லை. பட்டா உம்மாவின் பெயரிலேயே இருந்துவிட்டது. உம்மா காலமானபின் எம் காக்கா, 'எழுத்தில் இல்லாதது ஹிபா ஆகுமா? உம்மா கடைசிவரை அந்த வீட்டில்தானே இருந்தார்கள்? ஒப்படைப்பு எங்கே?' என்றார். பிள்ளைகளுக்கு வழங்குவதில் நீதி பேணுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதையும் எடுத்துக் காட்டினார். அவர் சொன்னதில் பொய் இல்லை. முஸ்லிம் சட்டத்தில் வாய்மொழி ஹிபா செல்லும் என்பதும், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தால் கொடுத்தவர் வெளியேறியாக வேண்டியதில்லை என்பதும் எமக்குத் தெரியும். வழக்கறிஞரிடமும் கேட்டிருந்தோம். ராத்தா வழக்கை விரும்பவில்லை. ஆண்மக்கள் இருவரும் தத்தம் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதினால் போதும் என்றார். அதைத்தான் ஏழு மாதங்களாகப் பையில் சுமந்தோம். கையொப்பமிடாததற்குக் காரணம் மார்க்க ஐயம் என்று பிறரிடம் சொல்லி வந்தோம். உண்மை அதுவன்று. நகரத்தில் யாம் வாங்கிய வீட்டுக்கடன் முடிய இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன.

இவற்றையெல்லாம் உனியிடம் சொன்னோம். கடன் பற்றியும் சொன்னோம். அவர் அறிவுரை எதுவும் கூறவில்லை. தம் வயலை மீட்ட கதையை மட்டும் சொன்னார். ஏழாண்டு அனுபவித்த ஒற்றி நிலத்தைப் பணம் பெறாமலே திருப்பித் தரவேண்டும் என்று 1960ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று அந்நாட்டில் உண்டு. அவர் ஒற்றி வைத்து ஏழாண்டு கடந்திருந்தது. வழக்கிட்டிருந்தால் வயல் சும்மாவே வந்திருக்கும். ஆனால் நெருக்கடியில் பொன் கொடுத்து உதவியவரிடம் வெறுங்கையோடு போய் நிலத்தைக் கேட்பது அவர் குடும்பத்தில் நாணத்தக்க செயல். கடை வருவாயில் சேர்த்து, எடை குறையாமல் பொன்னைக் கொடுத்து மீட்டாராம். ஒற்றி நிலத்தின் விளைவைக் கடன் கொடுத்தவர் உண்பது வட்டியில் சேரும் என்று நம் ஆலிம்கள் கூறுவார்கள். அந்த எண்ணம் எம் நாவின் நுனிவரை வந்தது. சொல்லாமல் விட்டோம்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் காயல்பட்டினம் சென்று பத்திரத்தில் எம் இடத்தில் கையொப்பமிட்டோம். பச்சை முடிச்சை ராத்தாவிடம் கொடுத்தோம். நாகூரார் பெயரால் வந்தது என்றதும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, 'அவ்வளவு தூரத்திலுமா?' என்றார். அன்று மாலை காக்கா வந்தார். ராத்தா அச்சர்க்கரையை இட்டுத் தேநீர் கொடுத்தார். பத்திரம் மேசைமேல் கிடந்தது. காக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்; எம் கையொப்பத்தின்மீது சற்று நேரம் பார்வை நின்றது. 'இனிப்புக் கொஞ்சம் கூடுதல்' என்று ராத்தாவிடம் சொன்னார். பின்னர்ப் பத்திரத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, 'பார்க்கிறேன்' என்று எழுந்தார். ஐந்து மாதங்கள் ஆகின்றன. வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின்னர் ராத்தா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுச் செல்கிறார் என்று தெரிகிறது.